பக்கத்து ஊர் விளைச்சல்

ஷெர்லி ஜாக்சனின் ‘தி லாட்டரி’ சின்னக் கதைதான். பத்துப் பக்கம் தேறினால் அதிகம். எதிரே வைத்த டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். படித்த பிறகு அந்த டீ இறங்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. 1948 ஜூன் 26 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது. மரபைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் என்ன ஆகும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வரும் பாடம். மரபைக் கண்மூடிப் பின்பற்றாதே என்ற ஒரு வரியை எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது சுலபம்.

ஆனால் மறுபடி படித்தால் ஒன்று உறுத்தும். அந்த ஊர்க்காரர்கள் மரபை அப்படியே காப்பாற்றுகிறவர்களாகத் தெரியவில்லை. பாதிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். எதைப் போட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால்தான் ஜாக்சன் செய்திருக்கும் வேலை பிடிபடும்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஜூன் 27, காலை பத்து மணி வாக்கில். நல்ல வெயில், பச்சைப் புல், பூத்துக் கிடக்கிற செடிகள். பெயர் சொல்லப்படாத ஒரு கிராமம். முந்நூறு பேர் இருப்பார்கள். தபாலாபீசுக்கும் வங்கிக்கும் நடுவே உள்ள திடலில் கூடுகிறார்கள். பள்ளிக்கூடம் அப்போதுதான் லீவு விட்டிருக்கிறது. பையன்கள் வழவழப்பான, உருண்டையான கல்லாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். ஒரு மூலையில் குவியலே சேர்ந்துவிடுகிறது. ஆண்கள் மழை, டிராக்டர், வரி என்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். பெண்கள் வம்பளந்தபடி வந்து புருஷன் பக்கத்தில் நின்றுகொள்கிறார்கள். நடத்தி வைப்பவர் நிலக்கரி வியாபாரி சம்மர்ஸ். ஊரில் நடன நிகழ்ச்சி, இளைஞர் மன்றம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. போஸ்ட் மாஸ்டர் கிரேவ்ஸ் ஒரு முக்காலியைத் தூக்கி வந்து வைக்கிறார். அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டி.

டெஸ்ஸி ஹட்சின்சன் தாமதமாக ஓடி வருகிறாள். இன்றைக்கு என்ன நாள் என்பதே மறந்துபோச்சு என்கிறாள். பக்கத்தில் நிற்கும் திருமதி டெலக்ரா சேர்ந்து சிரிக்கிறாள். கழுவாத பாத்திரத்தைப் போட்டுவிட்டா வர முடியும் என்ற அர்த்தத்தில் டெஸ்ஸி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, கூட்டத்திலும் சிரிப்பு.

குடும்பத் தலைவர்கள் பெயர் வரிசைப்படி வந்து பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு மடித்த சீட்டு எடுக்கிறார்கள். கால் உடைந்து வீட்டில் கிடக்கும் டன்பருக்காக அவர் மனைவி எடுக்கிறாள். சீட்டு விழுந்தது ஹட்சின்சன் குடும்பத்துக்கு. மறுபடி ஒரு சுற்று. இந்தமுறை அந்த வீட்டு ஐந்து பேருக்குள். கடைக்குட்டி டேவுக்குச் சீட்டு என்றால் என்னவென்றே தெரியாது. போஸ்ட் மாஸ்டர் அவன் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் விட உதவுகிறார். பிள்ளை சிரிக்கிறது. கறுப்புப் புள்ளி டெஸ்ஸியின் சீட்டில். ஊர் கல்லை எடுக்கிறது. சற்று முன்பு அவளோடு சிரித்துப் பேசிய திருமதி டெலக்ரா இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்லாகப் பார்த்து எடுக்கிறாள். டேவின் கையிலும் யாரோ நாலு கூழாங்கல்லைத் திணிக்கிறார்கள். டெஸ்ஸி அவனுடைய அம்மா.

கதை அவ்வளவுதான். ரத்தம் ஒரு சொட்டுக்கூடக் காட்டப்படவில்லை.

இனி அந்தப் பெட்டியைப் பார்ப்போம். ஆதிச் சாமான்கள் எப்போதோ தொலைந்துவிட்டன. இதற்கு முன்பிருந்த பெட்டியின் பலகைத் துண்டுகளை வைத்து இதைச் செய்ததாக ஒரு பேச்சு. கறுப்புச் சாயம் போய், ஒரு பக்கம் சிலாம்பு பெயர்ந்து உள்மரம் தெரிகிறது. புதுசு செய்துவிடலாம் என்று சம்மர்ஸ் வருஷா வருஷம் பேச்செடுப்பார். அது அப்படியே அமுங்கிப் போகும். சரி, இத்தனை முக்கியமான பெட்டியை வருஷம் முழுக்க எங்கே வைத்திருக்கிறார்கள்? ஒரு வருஷம் கிரேவ்ஸின் களஞ்சியத்தில், ஒரு வருஷம் தபாலாபீசில் கால் இடறும் இடத்தில், சில சமயம் மளிகைக் கடை அலமாரியில். கோயில் சாமான் என்றால் இப்படியா போட்டு வைப்பார்கள்?

முன்பெல்லாம் மரச்சில்லு போட்டுக் குலுக்குவார்களாம். ஜனம் பெருகியதும் பெட்டி கொள்ளாது என்று காகிதச் சீட்டுக்கு மாறிவிட்டார்கள். ஒருவரும் தெய்வக் குற்றம் என்று பதறவில்லை. நடத்துகிறவர் ராகமில்லாமல் ஏதோ ஒன்றை ஓத வேண்டும் என்று இருந்தது. ஒரே இடத்தில் நின்று ஓத வேண்டுமா, கூட்டத்துக்குள் நடந்துகொண்டே ஓத வேண்டுமா என்பதில் பெரியவர்களுக்குள் அபிப்பிராய பேதம். ஓதுவதே நின்றுபோய் வருஷக்கணக்கு ஆகிவிட்டது. சீட்டெடுக்க வருகிறவரை முறைப்படி வணங்கி வரவேற்பது இருந்தது. இப்போது இரண்டு வார்த்தை பேசினால் போதும். எல்லாமே இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும் அல்லவா.

ஆக, தங்களுக்குச் சிரமம் தருவதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். பாட்டை நினைவில் வைத்திருப்பது சிரமம், போயிற்று. மரச்சில்லைப் பெட்டியில் அடைப்பது சிரமம், போயிற்று. கல்லெறிவது மட்டும் நிற்கிறது. ஏனென்றால் அதில் உள்ள சிரமம் முழுக்க ஒரே ஒரு ஆள் தலையில் விழுகிறது. மற்றவர்களுக்கு அது ஒரு காலைப்பொழுது. ‘முன்னோர் வழியில் ஒரு அணுவும் மாற்ற மாட்டோம்’ என்று யாராவது முழங்கினால் எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. அவர்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டவற்றைப் பட்டியல் போட்டால் நீளமாக வரும். பட்டியலில் எது வரவில்லை என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அதன் செலவை யார் கட்டுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

ஊரில் மூத்தவர் வார்னர். லாட்டரிக்கு வருவது அவருக்கு இது 77-ஆவது வருஷம். ஜூன் மாதத்துச் சீட்டையும் சோள விளைச்சலையும் முடிச்சுப் போடும் ஒரு சொலவடையை அவர் சொல்கிறார். எதற்காக இந்த லாட்டரி என்பதற்குக் கதை முழுவதும் கிடைக்கும் ஒரே தடயம் அதுதான். பக்கத்தில் நிற்கும் ஆடம்ஸ், வடக்கே இருக்கும் கிராமத்தில் இதை விட்டுவிடலாமா என்று பேசிக்கொள்கிறார்களாம் என்று மெல்ல ஆரம்பிக்கிறார். வார்னர் பொரிந்து தள்ளுகிறார்: இளவட்டங்களின் கிறுக்குத்தனம், இப்படியே போனால் அடுத்து குகையில் குடியிருக்கப் போகிறோம் என்பார்கள், காட்டுக்கீரையை வேகவைத்துத் தின்ன வேண்டியதுதான். ஆடம்ஸின் மனைவி விடவில்லை. சில ஊர்களில் ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது என்கிறாள். அதனால் தொல்லைதான் வரும் என்று வார்னர் ஒரே போடாகப் போடுகிறார். பேச்சு அத்தோடு சரி.

என் கணக்கில் கதையின் உயிர் இந்த ஏழெட்டு வரிகளில் இருக்கிறது. நிறுத்திய ஊர்கள் இருக்கின்றன. எட்டாத தூரத்திலும் இல்லை. அங்கே சோளம் விளைந்ததா, கருகியதா என்று ஒருநாள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடி நிற்பவர்களில் நிறையப் பேர் விவசாயிகள். பக்கத்து ஊர் விளைச்சலை விசாரிக்காத விவசாயி உண்டா? எந்த உரம் போட்டான், மூட்டை எத்தனை கண்டது, என்ன விலைக்குப் போனது என்று துருவித் துருவிக் கேட்கிற ஜாதி அது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. ஜாக்சனும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட வைக்கிறார்.

நிறுத்தலாமே என்று மெல்லப் பேசிய ஆடம்ஸ் என்ன ஆனார்? கல்லெறியப் போகும் கூட்டத்தில் முன்னால் நிற்கிறார். இதைப் படித்தபோது எனக்கு வார்னர் மேல் இருந்த கோபம் குறைந்துவிட்டது. வார்னர் நம்புகிறார், அதைச் சத்தமாகச் சொல்கிறார். ஆடம்ஸ் நம்பவில்லை; ஆனால் பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று கல்லை எடுத்துக்கொண்டார். ஒரு வழக்கம் உயிரோடு இருக்க வார்னர் ஒருவர் போதும். ஆனால் ஆடம்ஸ்கள் நிறையப் பேர் வேண்டும்.

டெஸ்ஸியையும் சும்மா விட முடியாது. சீட்டு தன் வீட்டுக்கு விழுந்ததும் அவள் கத்துவது, என் புருஷனுக்குச் சீட்டெடுக்கப் போதுமான நேரம் தரவில்லை, இது நியாயமில்லை என்று. லாட்டரியே தப்பு என்ற பேச்சு அவள் வாயில் வரவில்லை. கல்யாணமாகிப் போன மகளையும் மருமகனையும் இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறாள். பெற்ற மகளைச் சேர்த்தால் தனக்கு விழும் வாய்ப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் கணக்கு என்று சம்மர்ஸ் பதமாக விதியை எடுத்துச் சொல்கிறார். விதி அத்தனை ஒழுங்காக இருக்கிறது. ஏழை பணக்காரன் பேதம் இல்லை, நடத்துகிற சம்மர்ஸே தன் சீட்டைத் தானே எடுக்கிறார். சீட்டுகளை முந்தின ராத்திரியே தயார் செய்து அவருடைய நிலக்கரிக் கம்பெனி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. நடைமுறையில் ஒரு ஓட்டை கிடையாது. அந்த ஒழுங்கே எல்லோர் வாயையும் அடைத்துவிடுகிறது; எப்படி நடத்துவது என்பதில் கவனமாக இருக்கிறவர்களுக்கு ஏன் நடத்துகிறோம் என்று கேட்க நேரமில்லை.

கதை வெளிவந்த கோடையில் ஜாக்சனுக்கு 300-க்கு மேல் கடிதங்கள். அன்பாகப் பேசியவை 13, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று பிற்காலத்தில் ஓர் உரையில் சொன்னார். பெற்ற தாய்கூடக் குறைபட்டுக்கொண்டாராம். அந்தக் காலத்து ‘நியூயார்க்கர்’ எது கதை, எது செய்திக் கட்டுரை என்று தலைப்பில் குறிப்பிடுவதில்லை. அதனால் பலர் நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள். அது பரவாயில்லை. இந்த லாட்டரி எந்த ஊரில் நடக்கிறது, நாங்கள் போய் வேடிக்கை பார்க்கலாமா என்று கேட்டு எழுதியவர்கள் இருந்தார்களே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. உலகப்போர் முடிந்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை. வதைமுகாம் படங்கள் பத்திரிகையில் வந்து ஓய்ந்த நேரம். கதை நடக்கும் இடம் என்று ஜாக்சன் மனதில் வைத்திருந்தது தான் குடியிருந்த வெர்மான்ட் மாநிலத்து ஊரை. கடிதம் எழுதியவர்கள் அது வேறெங்கோ இருக்கிறது என்றே நினைத்தார்கள்.

தென்னாப்பிரிக்கா இந்தக் கதையைத் தடை செய்தது. அதைப் பற்றி ஜாக்சனுக்குப் பெருமைதான். அவர்களுக்காவது கதை புரிந்திருக்கிறது என்று அவர் நினைத்ததாகக் கணவர் எழுதியிருக்கிறார்.

கோபப்பட்டவர்களில் ஒருவர் கொஞ்சம் விசேஷமானவர். மானுடவியலில் பெரிய பெயரான ஆல்ஃப்ரெட் க்ரோபர். இப்படி ஒரு வழக்கம் ஒரு சமூகத்தில் எப்படி வேரூன்றும் என்று ஜாக்சன் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது என்பது அவர் குறை என்று மகள் நினைவுகூர்ந்திருக்கிறார். மகள் யார் என்றால் உர்சுலா லெ குயின். அவரே பின்னாளில், 1973-இல், ஒரு குழந்தையை நிலவறையில் அடைத்து வைத்து அதன் துன்பத்தின்மேல் ஒரு நகரமே சந்தோஷமாக வாழும் ஓமெலாஸ் கதையை எழுதினார். அப்பாவின் குறைக்கு மகள் சொன்ன பதிலோ என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபிக்க வழியில்லை.

க்ரோபரின் குறை நியாயமானதா? பாதி நியாயம். வழக்கம் எப்படிப் பிறந்தது என்று ‘தி லாட்டரி’யில் இல்லை. எப்படித் தொடர்கிறது என்பது இருக்கிறது, ஆணி ஆணியாக. பிறந்த காரணமும் தெரிய வேண்டும் என்றால் ஜப்பானுக்குப் போக வேண்டும்.

ஷிச்சிரோ ஃபுகாசாவா கிதார் வாசித்துப் பிழைத்தவர். 1956-இல் அவர் எழுதிய ‘நராயாமா பாடல்’ அவரை ஒரே நாளில் எழுத்தாளராக்கியது. மலைக் கிராமம், கொடிய பஞ்சம். எழுபது வயதானவரை மகன் முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவிட்டு வர வேண்டும். ஜப்பானியப் பழங்கதைகளில் உள்ள விஷயம்தான். ஓரின் கிழவிக்கு 69. உடம்பில் ஒரு குறையும் இல்லை, பல் முழுக்க இருக்கிறது. அதுதான் அவளுக்கு அவமானம். சோறு குறைவாக உள்ள ஊரில் இந்த வயதில் இத்தனை பல்லா என்று சொந்தப் பேரனே பாட்டுக் கட்டிப் பாடுகிறான், ஊர் சிரிக்கிறது. கொள்ளுப்பேரனைப் பார்க்கும்வரை உயிரோடு இருப்பதும் அங்கே கேலிக்குரிய விஷயம். ஓரின் கல் உரல் விளிம்பில் முகத்தை மோதி முன்பல்லை உடைத்துக்கொள்கிறாள். ரத்த வாயோடு ஊர் முன்னால் பெருமையாகப் போய் நிற்கிறாள்.

இங்கே காரணம் இருக்கிறது: பசி. கட்டாயப்படுத்த ஒரு சம்மர்ஸ் தேவைப்படவில்லை; பாட்டும் கேலியும் போதுமானவையாக இருக்கின்றன. ஓரின் பலியாகப் போகிறவள், அவளேதான் எல்லோரையும் அவசரப்படுத்துகிறாள். மகன் தட்சுஹெய்க்கு மனமில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்பது மலையின் விதி. அவளை விட்டுவிட்டு இறங்கும்போது பனி பெய்யத் தொடங்குகிறது. அது நல்ல சகுனம். விதியை மீறி மேலே ஓடிப்போய், அம்மா, பனி பெய்யுது என்று சொல்கிறான். அவள் போ போ என்று கையை ஆட்டுகிறாள். அதே ஊரில் மதா என்ற கிழவருக்குப் போக இஷ்டமில்லை. அவரை அவர் மகன் கட்டித் தூக்கிவந்து பள்ளத்தில் உருட்டிவிடுகிறான். ஓரினின் அழகான சம்மதத்துக்குப் பக்கத்திலேயே மதாவை வைத்ததில் ஃபுகாசாவாவின் நேர்மை இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தக் கதை தியாகத்தின் புகழ்பாட்டாகப் போயிருக்கும். அப்படியே படித்துக் கண்ணீர் விட்டவர்களும் உண்டு. 1958-இல் கினோஷிதாவும் 1983-இல் இமாமுராவும் படமாக்கினார்கள். இமாமுராவின் படம் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது.

நமக்கு இது தூரத்து விஷயம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுத்த படுக்கையான முதியவர்களை வீட்டாரே முடித்துவிடும் வழக்கம் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அதை வைத்துப் பிரியா கிருஷ்ணசாமி எடுத்த ‘பாரம்’ 2018-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது. நராயாமாவைப் படித்த கையோடு அதைப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். ஓரினின் ஊரில் பசி உண்மையானது. ‘பாரம்’ காட்டும் வீட்டில் சோறு இருக்கிறது.

இரண்டு கதைகளில் எது பயங்கரமானது என்று கேட்டால் நான் ஜாக்சன் பக்கம். ஃபுகாசாவாவின் ஊரில் பஞ்சம் தீர்ந்தால் மலைக்குப் போவதும் ஒருவேளை நின்றுபோகும். ஜாக்சனின் ஊரில் தீருவதற்கு ஒன்றும் இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, டிராக்டர் ஓடுகிறது, வங்கி திறந்திருக்கிறது.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1969-இல் லாரி யஸ்ட் இயக்கத்தில் இந்தக் கதை வகுப்பறைக்கென்று குறும்படமாக வந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் ஃபாரஸ்ட் லேக் என்ற ஊர்ப் பள்ளிகளிலும் காட்டினார்கள். எழுபதுகளின் கடைசியில் பெற்றோர் சிலர் புகார் கொடுத்தார்கள்: குடும்பத்தின் மீதும் மதத்தின் மீதும் பிள்ளைகளுக்கு உள்ள பிடிப்பை இந்தப் படம் குலைத்துவிடும் என்று. பள்ளி வாரியம் படத்தை எடுத்துவிட்டது. மாணவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். வன்முறை இருக்கிறது, அதனால்தான் எடுத்தோம் என்றது வாரியம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரியத்துக்குப் பிடிக்காதது படத்தில் உள்ள கருத்துதான், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு படத்தை மாணவர் கண்ணிலிருந்து மறைக்க அரசியல் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. படம் பள்ளிக்குத் திரும்பியது.